மச்சான் பேரில் போன என் ரத்தம்

இன்சுலின் என்று யாராவது மைக்கில் சொன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஊசியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தினமும் இரண்டு வேளை நானே என் வயிற்றில் குத்திக்கொள்கிறேன், அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்கிறது. அந்தச் சொல்லை வைத்து வாய்ச்சண்டை போடுகிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சண்டைக்குப் பின்னால் போய் நான்கு மாதம் ஒளிந்துகொண்டேனே, அந்த என்னை நினைத்தால் அதைவிட மோசம். சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு.

கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பி உருட்டும் ஆலை ஒன்று. என் மச்சான் அங்கே கம்பெனி ஆள், ஷாப் என்று நாங்கள் சொல்லும் உற்பத்திக் கூடத்தின் கூரைக்குக் கீழே ஓடும் கிரேனை ஓட்டுகிறவர். நான் அதே ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆள். அவர் மேலிருந்து கொக்கியை இறக்குவார். நான் கீழே நின்று கம்பிக் கட்டில் சங்கிலியை மாட்டி, தூக்கு என்று கையைக் காட்டுவேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுச் சங்கிலி மாட்டுகிறாயா என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். காலையில் கவரைப்பேட்டையில் ரயில் ஏறிப் பாருங்கள், பட்டம் வாங்கிவிட்டு ஹெல்மெட்டோடு நிற்கிறவர்கள் ஒரு பெட்டி நிறைய இருப்பார்கள்.

அப்படிப் பழகித்தான் அவர் தன் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுத்தார். மச்சான் என்கிற உறவு வருவதற்கு முன்பே வா, போ என்றுதான் எங்களுக்குள் பேச்சு. இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் நெல்வயலில் கூலிக்குப் போனவர்கள். அவர் இருபது வயதிலேயே கம்பெனிக்குள் நுழைந்து கேன்டீன் சோறு சாப்பிட்டுத் தொப்பையும் கழுத்துமாக உருண்டு திரண்டுவிட்டார். நான் சின்ன வயதில் ஒரு வேளைச் சோற்றில் வளர்ந்தவன். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை இப்போதும் எனக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும்.

மச்சானுக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியில் ரத்தம் எடுப்பார்கள். போன வருஷமே கம்பெனி டாக்டர் எச்சரித்திருந்தார், அடுத்த தடவையும் அளவு மீறினால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவோம் என்று. இறக்கினால் உலைப் பக்கம் நிற்க வைப்பார்கள். அவருடைய முட்டி அங்கே ஒரு மாதம் தாங்காது, வேலையை விட்டுவிட்டு வீட்டில்தான் உட்கார வேண்டும்.

எங்கள் ஷாப்பில் இதற்கு ஒரு பழக்கம் இருந்தது. ‘ஆள் விடுறது’ என்று பெயர். சர்க்கரை உள்ள கம்பெனி ஆள், ஒல்லியான காண்ட்ராக்ட் ஆள் ஒருவனைப் பிடித்துத் தன் டோக்கனைக் கொடுத்து ரத்தம் கொடுக்க அனுப்புவான். ரத்தம் எடுக்க வருகிறவர்கள் வெளியூர் லேப் ஆட்கள், டோக்கனைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கைம்மாறாக ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி. காண்ட்ராக்ட் ஆளின் ரத்தத்தை யாரும் கேட்பதில்லை என்பதால் அது எப்போதும் சும்மாதான் கிடந்தது. எங்களுக்கும் மெடிக்கல் ஃபாரம் உண்டுதான். காண்ட்ராக்டர் ஆபீசில் உட்கார்ந்தபடியே நிரப்பிவிடுவார்கள். ஒரு தடவை அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன், நாற்பது பேருக்கும் ஒரே சர்க்கரை அளவு, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. த்தூ என்று வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

“மாப்ள, இந்த வாட்டி நீ போய் கையை நீட்டிட்டு வந்துடு” என்றார் மச்சான்.

“எனுக்கு சுகர் இருந்தா இன்னா பண்ணுவ?”

“உனுக்கா? ஊதினா பறந்துடுவ. உன் ஒடம்புல ரத்தம் கீதான்றதே டவுட்டு, இதுல சுகரு எங்கேர்ந்து வரும்?”

இருவரும் சிரித்தோம். சர்க்கரை என்றால் குண்டானவர்களுக்கு வருவது. எங்கள் ஷாப்பில் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள், கெமிஸ்ட்ரி படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன். வெறும் வயிற்றோடு போனேன், மச்சான் பேரைச் சொன்னேன், இரண்டு குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் மச்சானை அவசரமாகக் கீழே இறங்கி வரச் சொன்னார்கள். கம்பெனி டாக்டர் ரிப்போர்ட்டை மேசையில் விசிறி எறிந்தாராம். வெறும் வயிற்றுச் சர்க்கரையே முந்நூற்று நாற்பது. மூன்று மாதச் சராசரி அதைவிடக் கேவலம். இவ்வளவு சர்க்கரையோடு தலைக்கு மேல் இரும்பைத் தூக்கினாயா, நீ மனுஷனா என்று கேட்டிருக்கிறார். உடனே கிரேன் கிடையாது. உலைப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம், கம்பிக் கட்டுகளுக்கு அளவும் எடையும் அடித்த தகரச் சீட்டு கட்டும் வேலை. தினமும் காலையில் முதலுதவி அறைக்கு வந்து, அங்கே உள்ள ஆள் கண்முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். சாயந்தரம் வீட்டில் இன்னொன்று. நான்கு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து, குறைந்திருந்தால் கிரேன்.

மச்சான் என்னை ஸ்க்ராப் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். “டேய், இன்னாத்த துன்னுட்டுப் போய் கையை நீட்டின?”

“சத்தியமா வெறும் வயிறு மச்சான். லேப்காரன் குழாயை மாத்தியிருப்பான்.”

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இறங்கியது தெரிந்தது. “அப்டியும் இருக்கும். எதுக்கும் நீ ஒரு தபா தனியா பாத்துக்கயேன்” என்றார்.

“எனுக்கு இன்னா மச்சான், நான் நல்லாதான் கீறேன்.”

உண்மையைச் சொல்ல வழியில்லை என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். ஆள் விட்டது தெரிந்தால் அவருக்கு வேலை போகும், எனக்கு கேட் பாஸ் போகும். அதனால் மறுநாளிலிருந்து அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். என் ரத்தத்துக்கு எழுதின ஊசி அவர் உடம்பில் இறங்க ஆரம்பித்தது. முதலுதவி அறை ஆள் முன்கூட்டியே சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். பார்க்கவில்லை. “ஸ்ட்ரிப் தீந்துபோச்சு, மேல எழுதிப் போட்டுகீறேன்” என்றான். நான்கு மாதமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே கவரைப்பேட்டை மருந்துக் கடையில் விரலை நீட்டினேன். மனசு அரித்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகவே தண்ணீர் பாட்டிலும் கையுமாகத்தான் திரிந்தேன், உலைச் சூடு என்று நினைத்தேன். கால் எரிந்தது, பூட்ஸ் சரியில்லை என்று நினைத்தேன். கடையில் இருந்த பெண் மெஷினைப் பார்த்துவிட்டு, “அண்ணே, நம்பரே வரல. ஹைன்னு காட்டுது. அப்டின்னா மெஷினால அளக்க முடியாத அளவுக்கு இருக்குன்னு அர்த்தம். நாஷ்டா துன்னீங்களா?” என்றாள்.

“மெஷின் கெட்டுப்போச்சும்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தவன் பக்கத்து டீக்கடையில் சர்க்கரை போட்ட டீ வாங்கிக் குடித்தேன். இதை எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய் மாறவில்லை, ரத்தம் என்னுடையது, ஊசி எனக்கு எழுதியது, மச்சானுக்குத் தேவையில்லாதது. போய் அவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு போனை எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். படித்தவன் இல்லையா, எனக்குச் சாக்கு வேண்டுமென்றால் ஆராய்ச்சியிலிருந்துதான் எடுப்பேன்.

இன்சுலின் பற்றித் தமிழிலும் இங்கிலீஷிலும் இறைந்து கிடந்தது. ஒரு கட்சி சொன்னது: சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் போதவில்லை என்று அர்த்தம், சீக்கிரமே ஊசி போட்டால் கணையத்துக்கு ஓய்வு கிடைக்கும், கடைசி வரை தள்ளிப்போடுவதுதான் முட்டாள்தனம். இன்னொரு கட்சி: இன்சுலின் குறையவே இல்லை, கூடிப்போனதுதான் நோயே. உடம்பு அதைக் கேட்டுக் கேட்டுச் செவிடாகிவிட்டது, செவிடன் காதில் இன்னும் கத்துவதுதான் ஊசி. இவர்களுக்குள்ளேயே ஒரு கிளைச் சண்டை, இன்சுலின் முதலில் கூடியதா, உடம்பு முதலில் செவிடானதா என்று. ஆய்வகத்தில் இருப்பவர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், இது எங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து வீடியோ போடுகிறவனுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒருவன் ஊசி விஷம் என்று கண்ணை உருட்டுகிறான். இன்னொருவன் அவனைக் கொலைகாரன் என்கிறான். கீழே கமென்டில் ஒருவரை ஒருவர் அம்மா அக்காவை இழுத்துத் திட்டிக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு பெண் ‘என் கணவருக்கு கால் விரல் கறுத்துவிட்டது, என்ன செய்வது’ என்று கேட்டிருந்தாள். அவளுக்கு ஒருவரும் பதில் போடவில்லை.

மூன்றாவதாக ஒரு சண்டை கண்ணில் பட்டது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். சின்ன வயதில் பசியில் வளர்ந்தவர்களுக்கு ஒல்லி உடம்பிலேயே சர்க்கரை வருமாம். அவர்களுக்கு உடம்பு செவிடு இல்லை, சுரப்புதான் கம்மி. அதைத் தனி வகை என்று ஒரு காலத்தில் பட்டியலில் வைத்திருந்தார்களாம், பிறகு போதிய ஆதாரம் இல்லை என்று எடுத்துவிட்டார்களாம், இப்போது திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டமும் கூடாது என்று ஒரு கூட்டமும் மோதிக்கொண்டிருக்கின்றன. அட போங்கய்யா! ஒரு வேளைச் சோற்றில் வளர்ந்தவன் இருக்கிறானா இல்லையா என்று பட்டியல் போட்டு அடித்துக்கொள்கிறார்கள், நான் இங்கே ஷாப்புக்கும் கக்கூசுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மூன்றில் எனக்குப் பொருந்துவது மூன்றாவது என்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்தேன். ஏனென்றால் அதில்தான் ஊசி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சோற்றை நிறுத்தினேன். வேர்க்கடலை, முட்டை, கீரை. மெஷினில் ‘ஹை’ போய் நம்பர் வந்தது, முந்நூறுக்கு மேல்தான், ஆனாலும் நம்பர். பார்த்தாயா, விஞ்ஞானமே இன்னும் முடிவு சொல்லவில்லை, நான் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டேன். என் மனைவி துணி துவைக்கும்போதெல்லாம், “இன்னாயா இது, பேன்டு உனுக்கா இல்ல வேற யாருக்காச்சுமா?” என்று கேட்டாள். டயட் என்றேன்.

மச்சானோ வீங்கிக்கொண்டே போனார். காலையில் ஏழேகாலுக்கு ஊசி, ஏழரைக்கு நாஷ்டா. பத்தரை ஆனால் தகரச் சீட்டு கட்டிக்கொண்டிருக்கும் கை நடுங்கும். நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். உலை பக்கத்தில் இல்லாத இடத்தில் அந்த வேர்வை எதற்கு என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து அவசர அவசரமாக மெல்லுவார். சர்க்கரை இறங்காமல் இருக்கச் சர்க்கரையே தின்று, அது ஏறாமல் இருக்க மறுநாள் ஊசி போட்டுக்கொள்வார். சாயந்தர ஊசியை வீட்டில் போட்டுக்கொள்வதில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். காலை ஊசியிலிருந்து தப்ப முடியாது. என்றைக்காவது ஒரு நாள் மிட்டாய் வாய்க்குப் போவதற்கு முன்னால் அவர் விழுவார், விழுந்தால் எழுந்திருக்காமலே போகலாம். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கம்பிக் கட்டில் சங்கிலியை மாட்டி, புதிதாக வந்த கிரேன்காரனுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சுவரில் அடித்த பல்லியைப் பார்த்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

ஒரு நாள் மிட்டாயை மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். “மாப்ள, ரொம்ப எளச்சிக்கினே போற. ஒரு தபா ரத்தம் பாத்துக்கயேன்.”

“டயட் மச்சான். இதுதான் இப்ப விஞ்ஞானம்.”

“இன்னா விஞ்ஞானமோ. பாத்துக்க” என்றார்.

நான்காவது மாதம் கம்பெனியில் ஆரோக்கிய வாரம் கொண்டாடினார்கள். வெறும் பேச்சு வைத்தால் ஆட்கள் தூங்குகிறார்களென்று ஹெச்.ஆர். மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. பட்டிமன்றம். ‘இன்சுலின் – மருந்தா? நோயா?’ என்று கேன்டீன் ஹாலில் பெரிய பேனர். மருந்தே என்று பேச சென்னையிலிருந்து ஒரு டாக்டர். நோயே என்று பேச வீடியோவில் பிரபலமான ஒரு வாழ்க்கைமுறை நிபுணர். நடுவர், ஹெச்.ஆர். மேனேஜரேதான். எல்லாருக்கும் வெள்ளை டி-ஷர்ட், பை வைக்காதது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சில் மஞ்சள் ரிப்பன் குத்தி முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். யார் யாருக்கு வியாதி என்று ஊருக்கே காட்டுவதில் அப்படி என்ன சந்தோஷமோ. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு டி-ஷர்ட் கிடையாது, நாற்காலியும் கிடையாது, பின்னால் நின்றோம்.

ஏழரைக்கு ஆரம்பிக்க வேண்டியது, சென்னைக்காரர் வர எட்டேகால் ஆனது. நாஷ்டா முடிந்து உட்கார்ந்தால் ஏப்பம்தான் வரும் என்று மேனேஜர் ஜோக்கடித்தார், பட்டிமன்றம் முடிந்த பிறகுதான் நாஷ்டா என்று அறிவித்தார். பொங்கல் அண்டாவை மூடி ஓரமாக வைத்திருந்தார்கள். நெய் வாசனை ஹால் முழுக்க. மச்சான் ஏழேகாலுக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கடலை மிட்டாய் பழைய சட்டைப் பையில், சட்டை லாக்கரில்.

சென்னை டாக்டர் திரையில் கணையத்தின் படத்தைக் காட்டினார். இன்சுலினைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் படிக்காதவர்கள் என்றார். படித்தவன் நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நிபுணர் எழுந்து, வழிகிற பாத்திரத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிற கூட்டம் இது என்றார். கைத்தட்டல். மேனேஜர் நடுநடுவே மாமியார் ஜோக்குகள் சொன்னார். உடனே டாக்டர் எழுந்து, ஊசியை நிறுத்தச் சொல்லி இவர் அனுப்பி வைத்த நோயாளிகளை நான் ஐ.சி.யூ.வில் பார்க்கிறேன் என்றார். அதற்கும் கைத்தட்டல். நான் மச்சானின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை டி-ஷர்ட் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்தார்.

நான் அவரிடம் ஓடவில்லை, டீ கவுன்டருக்கு ஓடினேன். சர்க்கரை டப்பாவில் கையை விட்டு அள்ளிக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி உள்ளே வந்தேன். அவருக்குக் கண் பாதி திறந்திருந்தது, உதடு எதையோ முணுமுணுத்தது. தலையைத் திருப்பிப் பிடித்துக் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். என் கையெல்லாம் எச்சிலும் சர்க்கரையும். முதலுதவி அறை ஆள் பக்கத்தில் வந்து நின்றான், நின்றான், அவ்வளவுதான்.

தலைக்கு மேலே மைக்கில் சத்தம் கேட்டது.

“பாத்தீங்களா! நான் இப்பதானே சொன்னேன்! இன்சுலின் பண்ற வேலை இதுதான்!” என்றார் நிபுணர். விழுந்து கிடப்பவரைக் கை நீட்டிக் காட்டினார்.

“இது மருந்தோட தப்பு இல்ல. பேஷன்ட் சாப்பிடாம வந்திருக்கார். அவரோட அலட்சியம்” என்றார் டாக்டர். அவர் கையிலும் மைக் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர்கூட மேடையை விட்டு இறங்கவில்லை. மேனேஜர் மேசையைத் தட்டி, “அமைதி, அமைதி, இதையும் ஒரு பாயின்டா எடுத்துக்கலாம்” என்றார்.

ஒரு பாயின்டாம். என் மச்சான் தரையில் கிடக்கிறார், அது ஒரு பாயின்ட்.

“நிறுத்துங்கய்யா!” என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “இவருக்கு அந்த ஊசியே தேவையில்லய்யா! அந்த ரிப்போர்ட்டுல இருக்கறது என் ரத்தம். இவர் பேர்ல நான் போய்க் குடுத்தேன். சுகர் எனுக்கு. நாலு மாசமா என் ஊசிய இவர் போட்டுக்கினு கீறாரு!”

அப்புறம்தான் மேடையிலிருந்து இறங்கி வந்தார்கள். நிபுணர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவ்ளோ ஒல்லியா இருக்கீங்களே, உங்களுக்கு இருக்க வாய்ப்பில்லையே” என்றார். சென்னை டாக்டர் குனிந்து மச்சானின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியாகிவிடுவார் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ரொம்ப நல்ல கேஸ். ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்ப முடியுமா? கான்ஃபரன்ஸ்ல காட்டலாம்” என்றார். சீ. என் கையிலிருந்த சர்க்கரையை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது.

அன்று மதியமே என் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். மச்சானுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். பிறகு எடுத்துக்கொண்டார்கள், தகரச் சீட்டு வேலைக்குத்தான், கிரேன் கிடையாது. நாற்பது பேருக்கு ஒரே பேனாவில் ஃபாரம் நிரப்பினவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் இப்போது காக்களூரில் ஒரு சின்ன பெயின்ட் யூனிட்டில் இருக்கிறேன். படித்த கெமிஸ்ட்ரி கொஞ்சம் உதவுகிறது.

மறுநாளே திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம், மச்சானும் நானும். அங்கே இருந்த டாக்டரம்மா எங்கள் கதையைக் கேட்டுவிட்டு முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு, உடம்பே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றை இரண்டு பேருக்கும் எழுதினார். மூன்றாம் நாள் போனபோது முடிவு வந்திருந்தது. மச்சானுக்கு ஏராளமாகச் சுரக்கிறது, மாத்திரையும் நடையும் போதும். எனக்குச் சொட்டுக் கணக்குதான். பட்டிமன்றத்தில் இரண்டு பேர் பேசினதும் பாதி நிஜம். ஒன்று அவருக்குப் பொருந்தும், ஒன்று எனக்குப் பொருந்தும். யாருக்கு எது என்று பார்க்க ஒரு டெஸ்ட் எடுத்தால் போதும், அதை மேடையில் ஒருவரும் சொல்லவில்லை.

“மேடம், நான் எந்த வகை? பசியில வளந்தவங்களுக்கு வர்ற வகைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?” என்று கேட்டேன்.

“அது இன்னும் சண்டையில இருக்குப்பா. முடியட்டும், நானும் தெரிஞ்சிக்கறேன். அது முடியற வரைக்கும் நீ ஊசி போடாம இருக்க முடியாது” என்றார்.

அன்று சாயந்தரம் மச்சான் தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டை வைக்கும் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே பிரிக்காத இன்சுலின் குப்பிகள், சீல் உடைக்காத ஊசிகள். சாயந்தரத்துக்கென்று கம்பெனி கொடுத்து அவர் போட்டுக்கொள்ளாதவை. டாக்டரம்மா எனக்கு எழுதின சீட்டை வாங்கி, குப்பியின் பேரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான்.

“இந்தா. உன்னோடது” என்றார்.

“உனுக்கு எப்போ மச்சான் தெரியும்?”

“ரிப்போர்ட் வந்த அன்னிக்கே. ஊட்ல மெஷின் வெச்சிகீறேன். எனுக்கு எப்பயும் அவ்ளோ வந்ததில்ல.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லாம போட்டுக்கினே?”

அவர் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தார். அப்படி உருட்டிக் கலக்க வேண்டும் என்று அவருக்குப் பழகியிருந்தது. “வேல போய்டும்னு பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். அத்தோட, நான் போய் சொன்னா உன் பாஸும் போவும், என் தங்கச்சி இன்னா பண்ணுவா? சட்டையைத் தூக்கு.”

தூக்கினேன். விரலால் வயிற்றில் சதையைப் பிடிக்கப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்சம் கீழே இறக்கி, தோலோடு கிள்ளிப் பிடித்தார்.

“ரெண்டு தபா கேட்டேன் இல்ல, பாத்துக்கயேன்னு. நீ நாளைக்கு சொல்லுவ, நாளைக்கு சொல்லுவன்னுதான் தெனமும் போய் வயித்தக் காட்டிக்கினு இருந்தேன்” என்றார். அப்புறம் ஊசியைக் குத்தினார்.